ஐந்தாவது இடம்

கூடைப்பந்து ஆட்டத்தில் நாலு நிமிஷம் ஓடியதற்கே செமிசி முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"தாத்தா, வீட்டுக்குப் போய் மருந்து சாப்பிடு" என்று கேலரியில் ஒருத்தன் குரல் கொடுத்தான். கூட்டம் சிரித்தது. சல்வசியோனும் சிரித்தாள். சிரிப்பா அது, வயிற்றெரிச்சல்.

இருபது வருஷம் முன்னால் இதே மணிலா கூட்டம்தான் செமிசி பந்தைத் தொட்டாலே எழுந்து நின்று ஆடியது. மூன்று கோப்பை, ஒரு தடவை சிறந்த ஆட்டக்காரன் விருது, இரண்டு அறுவை சிகிச்சை. இப்போது வயசு நாற்பத்து நாலு. கௌரவமாக விலகிக்கொள்ள வேண்டாமோ? அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தான்.

சல்வசியோனுக்கு அவன் மேல் கோபம் வரக் காரணம் இருந்தது. அவள் பிலிப்பினோக்காரி. கட்டிக்கொண்டது டோங்காக்காரனை. மகன் லிசியாதே பிறந்து வளர்ந்தது பசிபிக் கடல் தீவான டோங்காவில். ஆறடி எட்டு அங்குலம், இருபத்து நாலு வயசு. கூடைப்பந்து என்றால் சோறு தண்ணி வேண்டாம். அவனைக் கூட்டிக்கொண்டு மணிலா வந்து எட்டு மாசம் ஆகிறது. செமிசியின் அணியோடு பயிற்சி செய்கிறான். ஆட்டத்தில் இறங்க முடியவில்லை.

வெளிநாட்டில் வளர்ந்த கலப்புக்காரர்கள் அணிக்கு ஐந்து பேர்தான் இருக்கலாம் என்று விதி. ஐந்தாவது இடத்தில் செமிசி உட்கார்ந்திருந்தான். அவனாக எழுதிக்கொடுத்தாலொழிய சீசன் முடியும்வரை அவனை யாரும் எடுக்க முடியாது, ஒப்பந்தம் அப்படி. அவனுக்கும் அம்மா பிலிப்பினோ, அப்பா டோங்கா.

"நம்ம ஆளே நம்ம வயித்துல அடிக்கிறான் பாரு" என்று அவள் மகனிடம் புலம்புவாள். அவன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருப்பான்.

இன்னொரு தலைவலியும் இருந்தது. லிசியாதே ஆட வேண்டுமானால் அம்மா இந்த மண்ணில் பிறந்தவள் என்று காட்ட வேண்டும். அவளுடைய ஊர் முனிசிபல் ஆபீஸ் கூரையைப் புயல் தூக்கிக்கொண்டு போனபோது பிறப்புப் பதிவேடும் சேர்ந்து போய்விட்டது. ஞானஸ்நானச் சீட்டு கொண்டு வா, இரண்டு சாட்சி கொண்டு வா, அடுத்த வாரம் வா. எதிரே உயிரோடு நிற்கிறவள் பிறந்தாளா இல்லையா என்று எட்டு மாசமாக விசாரித்தார்கள். படகும் பஸ்ஸுமாக அலைந்து அவளுக்குக் கால் வீங்கிவிட்டது. சனிக்கிழமையோடு ஆட்டக்காரர் பட்டியல் முடிகிறது. அதற்குள் ஆகவில்லை என்றால் மகனைக் கூட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர் என்று புருஷன் போனில் சொல்லிவிட்டார்.

பேப்பர் இன்றோ நாளையோ வந்துவிடும். வந்து என்ன பிரயோஜனம், இடம் வேண்டுமே.

போன மாசம் கோபத்தை விழுங்கிக்கொண்டு அவளே செமிசியைப் பார்க்கப் போனாள். மாமியார் கையால் பின்னிய கல்யாணப் பாயை எடுத்துக்கொண்டு போனாள். டோங்காக்காரர்களிடம் பாயை வைத்து ஒன்று கேட்டால் மறுக்க மாட்டார்கள். மறுக்கிற எண்ணம் இருந்தால் பாயைத் தொடவே மாட்டார்கள்.

செமிசி முழங்காலில் ஐஸ் கட்டியபடி உட்கார்ந்திருந்தான். இரண்டு கையாலும் பாயை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"இடத்தை விட்டுக் குடு தம்பி. நீ பார்க்காத பேரா, புகழா?"

"இப்ப முடியாதுக்கா."

அவ்வளவுதான் சொன்னான். பாயையும் திருப்பித் தரவில்லை.

அவள் விடுவாளா? மணிலாவில் இருக்கிற டோங்காக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குக் கூடுகிற இடத்தில் எல்லார் காதிலும் போட்டுவிட்டாள். பாயை வாங்கிக்கொண்டு கையை விரித்தவன் என்று ஆகிவிட்டது. அதற்கப்புறம் அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவன் கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்து பாடிவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை பேப்பர் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை மகனோடு மேனேஜர் ரூவெல் முன்னால் போய் நின்றாள். தேவைப்பட்டால் காலில் விழுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் போயிருந்தாள். ரூவெல் பேப்பரை இரண்டு தடவை படித்துவிட்டு ஒப்பந்தத்தை லிசியாதே பக்கம் நகர்த்தினார்.

"கையெழுத்துப் போடுப்பா."

"இடம்?" என்றாள் சல்வசியோன்.

"காலியாயிடும்மா. காலையில ஏழு மணிக்கே செமிசி எழுதிக் குடுத்துட்டான். பேப்பர் வந்துடுச்சான்னு உங்க ஊர் கிளார்க்குக்கு வாரா வாரம் போன் பண்ணிட்டிருந்தவனாச்சே. இந்தப் பையன் கையெழுத்துப் போட்டாத்தான் என் கடிதம் செல்லும்னு அதுலயே எழுதியிருக்கான்."

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது. "இதை முன்னாடியே செஞ்சிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும் அவனுக்கு?"

ரூவெல் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவரும் களைத்துப்போயிருந்தார்.

"ஆறு மாசமா நாங்களே அவனைப் போகச் சொல்லிட்டிருந்தோம்மா. அமெரிக்காவுல வளர்ந்த பையன் ஒருத்தன், எல்லாப் பேப்பரும் கையில வெச்சுக்கிட்டு அந்த இடத்துக்குக் காத்திருந்தான். செமிசி அன்னிக்கே விலகியிருந்தா உங்க பையனுக்கு இடமே இல்ல. அதுக்காகத்தான் முட்டியில ஊசி போட்டுக்கிட்டு, அத்தனை பேர் கேலியையும் வாங்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தான்."

லிசியாதேயின் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"நானும் அதைத்தான் சொன்னேன். 'பேப்பர் கடைசிவரைக்கும் வராமலே போயிட்டா, பையன் வாழ்க்கை தன்னாலதான் கெட்டுச்சுன்னு அந்தக்கா தன்னையே நொந்துக்கும். திட்டறதுக்கு நான் ஒருத்தன் இருந்துட்டுப் போறேன்'னுட்டான்."