படகுக்கு ஒரு அடுப்பு

"வீட்டுக் குசினியில சமைக்கிறது காணாதெண்டு அம்மாவுக்குத் தண்ணிக்குள்ளயும் ஒரு குசினியோ, அப்பா?"

படகுச் சாமான் கடைக்குள் கால் வைத்த உடனேயே கஜனி தொடங்கிவிட்டாள். டவுன்ரவுனில் தனியாக இருக்கிறவள். இன்றைக்கென்று லீவு போட்டு, தாய்க்காக நியாயம் கேட்கவே வந்திருந்தாள்.

தியாகலிங்கம் காதில் வாங்கவேயில்லை. முப்பது வருடம் ரொறன்ரோவில் பஸ் ஓட்டி, போன வருடம் ஓய்வு பெற்றவர். இந்த வசந்தத்துக்குப் பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கிவிட்டார். மனைவி பாலேஸ்வரி ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார்: "குளிருக்குள்ள நான் வரமாட்டன்."

அவர் வராவிட்டால் அந்தப் படகு இருந்தென்ன, தாழ்ந்தென்ன! அதனால்தான் சமைக்கவும், படகைச் சூடாக்கவும் இரண்டுக்கும் சேர்த்து ஒரே அடுப்பாகத் தேடி வந்திருக்கிறார். மனுசன் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

கடைக்காரர் டெனிஸ்டன் மன்னார்க்காரர். "மூண்டு இருக்கு அண்ணை. இது விறகு..."

"புகை எனக்கு ஏலாது," என்றார் கூடவே வந்து கதிரையில் இருந்த பாலேஸ்வரி.

"அப்ப இது ஸ்பிரிற். உடன பத்தும். இது டீசல். நெருப்பு கண்ணாடித் தட்டுக்குக் கீழ இருக்கும். சமைச்சு முடிய மூடியைச் சாத்தினால் ஃபான் சுத்தி, சூட்டுக் காத்து வரும்."

தியாகலிங்கம் மூடியைத் திறந்தார், சாத்தினார், திரும்பவும் திறந்தார். "இஞ்சாரும், பாத்தீரே! திறந்தால் குசினி, சாத்தினால் ஹீற்றர்!"

"வடிவாத் தெரியுது," என்றார் பாலேஸ்வரி. "ஆர் திறக்கிறது, ஆர் சாத்துறது எண்டதும் தெரியுது."

கஜனிக்கு அது போதும். "கேட்டீங்களா? கலியாணம் கட்டின முப்பத்தஞ்சு வருசத்தில ஒருநாள் எண்டாலும் நீங்கள் அடுப்புப் பத்த வச்சிருக்கிறீங்களா அப்பா? நீங்கள் ரிற்றயர் ஆகிட்டீங்கள். அம்மா எப்ப ரிற்றயர் ஆகிறது? நீங்கள் மேல இருந்து லேக்கைப் பாப்பீங்கள், அம்மா கீழ நிண்டு புட்டு அவிக்கிறதா? திஸ் இஸ் நொட் ஃபெயர்!"

நியாயமான கேள்விதான். டெனிஸ்டனே தலையைக் குனிந்துகொண்டார். வீட்டில் அவரும் அந்த ரகமோ என்னவோ!

"பொறு பிள்ளை," என்று தியாகலிங்கம் காருக்கு ஓடினார். வரும்போது ஒரு கையில் பால் பெட்டி, மற்றக் கையில் சின்னச் சட்டி.

"புது அடுப்பெண்டால் முதல்ல பால் பொங்கோணும். வாங்கின பிறகு பொங்காட்டி ஆரிட்டப் போய்ச் சொல்லுறது? இப்பவே பாப்பம்."

டெனிஸ்டனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அண்ணை, அலையில ஆடேக்க ஒண்டும் ஊத்துப்படக் கூடாதெண்டுதான் அடுப்பைச் சுத்தி இந்தக் கம்பியெல்லாம் பூட்டியிருக்கு. நீங்கள் ஊத்தவே வேணும் எண்டுறியள்!"

சொன்னாரே தவிர, பற்ற வைத்துக் கொடுத்தார். மன்னாரிலும் புது வீட்டில் பால் காய்ச்சத்தானே செய்கிறார்கள்.

முதலில் ஸ்பிரிற் அடுப்பு. பால் மளமளவென்று பொங்கியது, வழிந்தது, நெருப்பு புஸ்ஸென்று அணைந்துபோனது.

"ஐயோ, அபசகுனம்!" என்றார் பாலேஸ்வரி.

அடுத்தது டீசல். தட்டுச் சூடேறவே பத்து நிமிடம். கயிறு வாங்க வந்த இரண்டு வெள்ளைக்காரர்களும் கயிற்றைப் போட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். பால் நுரை கட்டியது. மெல்ல விளிம்புக்கு ஏறியது. வீட்டுப் பழக்கத்தில் பாலேஸ்வரி கதிரையை விட்டு எழும்பி அடுப்பைக் குறைக்க ஓடி வந்தார்.

"நீர் இரும்!" தியாகலிங்கம் கையை நீட்டி மறித்தார். "இந்த அடுப்படிக்கு நீர் வரக்கூடாது."

பால் பொங்கி நாலு பக்கமும் வழிந்தது. நெருப்பு அசையவேயில்லை.

"பொங்கிட்டுது!" என்று அவர் கத்த, வெள்ளைக்காரர்கள் என்ன ஏதென்று தெரியாமலே கை தட்டினார்கள்.

தியாகலிங்கம் தட்டைத் துடைத்தார். சட்டைப்பையிலிருந்து தேயிலை, இஞ்சி, சீனிப் பொட்டலங்களை எடுத்தார். இஞ்சி தட்டிப் போட்டு, அளவாய்ச் சீனி போட்டு, டெனிஸ்டன் கொடுத்த கோப்பைகளில் இரண்டு தரம் ஆற்றி மனைவியிடம் நீட்டினார்.

பாலேஸ்வரி ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். "உது... ஆர் பழக்கினது?"

"என்னோட பஸ் ஓட்டின அருள்நாயகம்தான். செவ்வாய்க்கிழமையில அவன்ர கராஜுக்குச் சீட்டு விளையாடப் போறன் எண்டுதானே நினைச்சீர்? வீடு மணக்குமெண்டு அவையள் மீன் பொரிக்கிற அடுப்பு அந்தக் கராஜுக்குள்ளதான். எட்டு மாசமாச் சமைக்கப் பழகினனான். குழம்பு வைப்பன், புட்டு அவிப்பன். இடியப்பம்தான் இன்னும் பிழைக்குது. இனிச் சனி, ஞாயிறு போட்டில சமையல் என்ர வேலை. நீர் மேல இருந்து லேக்கைப் பாரும்."

பாலேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்தைந்து வருடத்தில் கணவர் அவருக்கென்று போட்டுக் கொடுத்த முதல் தேத்தண்ணி.

"அப்ப வாறன்," என்றார். "ஒவ்வொரு சனி, ஞாயிறும் வாறன்."

"டீசலைப் பெட்டியில போடும் தம்பி!" என்று தியாகலிங்கம் துள்ளாத குறை.

கஜனி மட்டும் விரல் மடக்கி நாள் எண்ணிக்கொண்டு நின்றாள்.

"என்ன பிள்ளை, இப்ப உனக்குச் சந்தோசம்தானே?"

"ஓம் அப்பா, வெரி ஹப்பி..." இழுத்தாள். "ஆனால் சனி, ஞாயிறு அம்மா போட்டில நிண்டா, எனக்கு ஒரு கிழமைக்கு வேண்டிய சோறு, கறியை ஆர் சமைச்சுக் கட்டித் தாறது?"