வெள்ளை வால்நுனி

அந்தத் தீவின் சொந்த எலிக்கு வால்நுனி வெள்ளை; கப்பலில் வந்திறங்கிய எலிக்கு முழுவாலும் கருப்பு. மற்றபடி இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். கப்பல் எலியைக் கொல்ல வேண்டும், தீவு எலி கிடைத்தால் காப்பாற்ற வேண்டும் என்பது செலஸ்டினின் வேலை. நேற்றைய பேரலை மற்றக் கூண்டுகளையெல்லாம் வாரிக்கொண்டு போக, மிச்சமிருந்த ஒற்றைக் கூண்டில் இன்று காலை தேங்காய்த் துண்டுக்காக இரண்டு எலிகள் நுழைந்திருந்தன. வால்கள் இரண்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன; ஒன்றின் நுனி வெள்ளை. சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் செலஸ்டின் ஓடிப்போய்க் கதவை அறைந்தான். இரண்டு வால்நுனிகளும் அறுந்து மணலில் விழுந்தன.

"கப்பல் எலிய இன்னுமா முடிக்கல?" என்று அதிகாரி மங்களேஸ்வரி படகிலிருந்து கத்தினாள்.

"எதுன்னுதான் தெரியல மேடம்."

"வாலப் பாருய்யா!"

"வாலு இருக்கு மேடம். எலிகிட்ட இல்ல, எங்கிட்ட இருக்கு."

இறங்கி வந்து அவன் உள்ளங்கையைப் பார்த்தவள் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். "ஒரே கூண்டுல விட்டா கப்பல் எலி மத்தத கடிச்சே கொன்னுரும். தீவு எலின்னு நமக்குக் கெடச்சதே இது ஒண்ணுதான்யா. சீக்கிரம் சொல்லு, எது?"

செலஸ்டின், கப்பல் எலியை முக்கிக் கொல்லும் தண்ணீர் வாளியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, யார் யாரைக் கடிக்கிறார்கள் என்று குனிந்து பார்த்தான். உள்ளே ஒன்று மற்றதன் அறுந்த வாலை மெதுவாக நக்கிக்கொடுத்துக்கொண்டிருந்தது.