கார்டு இருக்கா?

"ஏம்மா, அறிவிருக்கா உனக்கு? முன்ன பின்ன தெரியாதவன் வந்து நின்னா, கதவைத் திறந்து விட்டுடுவியா?"

காலில் சுற்றியிருந்த பொய்க் கட்டை அவிழ்த்தபடியே கத்தினார் பாதுகாப்பு அதிகாரி.

ரிசப்ஷனிஸ்ட் துள்ளி எழுந்தாள். "சார், நீங்களா! ஒட்டுத்தாடியில அடையாளமே தெரியல. கால் உடைஞ்ச மனுஷனைப் போய் வெளியில நிக்க வைக்கிறதான்னு..."

"அதுக்கு? கம்ப்யூட்டர் ரூம்ல ஏ.சி. நல்லா இருக்கும்னு அங்கேயே நாற்காலி போட்டு உட்கார வைப்பியா? இரக்கப்பட்டா இருக்கறதும் போயிடும்! இரு, மேனேஜர்கிட்ட சொல்றேன். உன் வேலை போச்சுன்னு வச்சுக்கோ!"

அவர் வந்ததிலிருந்தே அந்த ஆபீஸில் எங்கே பார்த்தாலும் பூட்டும் சங்கிலியும்தான். மேஜையோடு சங்கிலி போட்ட மவுஸை இழுத்து இழுத்தே அக்கவுன்டன்டுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கதவைத் திறக்கும் கார்டை மறந்துவிட்டு வெளியே போன மேனேஜர், ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கையெழுத்துப் போட்ட நாளும் உண்டு.

அவ்வளவு செய்தும், இன்று சோதித்துப் பார்க்க அவர் நொண்டிக்கொண்டு போய் நின்ற கதவெல்லாம் திறந்துகொண்டது. காபி வாங்கிக் கொடுத்தவர்கூட இருந்தார்.

தாடியை மறுபடி ஒட்டி, காலில் கட்டைச் சுற்றிக்கொண்டு மேல்மாடிக்கு நொண்டினார். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஒருவர் கம்ப்யூட்டர் வயர்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயா, கால் வலி உயிர் போகுது. கொஞ்சம் திறங்களேன்."

"கார்டு இருக்கா?"

"இல்லையே..."

"அப்ப உள்ள வரக் கூடாது. கெளம்புங்க."

"ஒரே நிமிஷம் உட்கார்ந்துட்டு..."

"காலே இல்லேன்னாலும் சரி, தலையே இல்லேன்னாலும் சரி. சட்டம்னா சட்டம்!"

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. தாடியைப் பிய்த்தெறிந்தார். தன் கார்டால் கதவைத் திறந்துகொண்டு போய் அவரை அப்படியே கட்டிக்கொண்டார்.

"நான்தான்யா பாதுகாப்பு அதிகாரி! இந்த ஆபீஸ்லயே பொறுப்பான ஆள் நீங்க ஒருத்தர்தான்!"

"கடமை சார்," என்று அடக்கமாகச் சிரித்தார் அவர். "கொஞ்சம் வழி விடுங்க. இதை ரிப்பேருக்குக் கொண்டு போகணும்."

கம்ப்யூட்டரைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நடந்தவருக்கு, கதவுக்குக் கதவு முன்னால் ஓடித் தன் கார்டைக் காட்டித் திறந்துவிட்டார் அதிகாரி. ரிசப்ஷனைத் தாண்டும்போது, "பார்த்துக் கத்துக்கோ!" என்று அவளுக்கு ஒரு முறைப்பு. வாசலில் வண்டியில் ஏற்றிவிட்டுக் கையும் ஆட்டினார்.

சற்று நேரத்தில் மேனேஜர் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"மேல்மாடி கம்ப்யூட்டரைக் காணோம்! ரிப்பேருக்குன்னு நான் யாரையும் கூப்பிடவே இல்ல. பட்டப்பகல்ல, இத்தனை பூட்டையும் தாண்டி எவன் கொண்டு போனான்? எந்த மடையன் கதவைத் திறந்து விட்டது?"

அதிகாரி தன் கார்டைச் சட்டைப் பைக்குள் தள்ளினார். மெல்ல ரிசப்ஷனிஸ்ட்டைப் பார்த்தார்.

அவளும் அவரைப் பார்த்தாள். பிறகு மேனேஜரிடம் திரும்பினாள்.

"யாருன்னு நான் கவனிக்கல சார். ஆனா, சுமையோட நின்ன ஆளுக்குக் கதவைத் திறந்து விட்டவங்க யாரா இருந்தாலும், அவங்களை வேலையை விட்டு மட்டும் தூக்கிடாதீங்க."