இரண்டு நாற்காலிக்கு இரண்டு துணி

மெஷின் மூன்று முறை கூவிவிட்டு நின்றபோது விஜயகுமாரி இட்லிப் பானையின் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். கறுப்புத் துணியில் பொன்னிற நூலில் பெயர் விழுந்திருந்தது. ஒரு பிசிறு இல்லை.

ஆனால் ‘ஜோதி பார்லர்’ என்பதில் ‘ஜோ’ வலது ஓரத்தில் நின்றது. எழுத்துகளெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தன.

மணி எட்டேகால். பத்து மணிக்குக் கடை திறப்பு.

முடி வெட்டும்போது கழுத்தைச் சுற்றிக் கட்டுகிற துணி அது. மகள் ஜோதியின் பார்லரில் இரண்டு நாற்காலி. அதற்கு இரண்டு துணி. முதலாவது நேற்றே நன்றாக வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில்தான் இரண்டாவதை மெஷினிடம் விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஆள் பக்கத்தில் இல்லாமலே பெயர், பூவேலை எல்லாம் தைக்கும் மெஷின். ஓசூரிலிருந்து மகன் கோபி தீபாவளிக்கு வாங்கி அனுப்பியது. ஞாயிற்றுக்கிழமைகளில் தலையணை உறை, டிபன் பை, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சட்டை என்று அவள் தைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியும். விற்பதில்லை. ஆசைக்குத் தைப்பது.

மெஷினின் திரையில் வரும் படங்களில் பாதி அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. கட்டைவிரலால் தொட்டால் திரை கேட்காது, காய்த்துப்போன விரல். சுண்டுவிரலால் தொடவேண்டும்.

ஒரே ஒரு படம் மட்டும் பார்த்தவுடன் புரிந்தது. ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும் இரண்டு முக்கோணங்கள்.

ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் லைனில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷம். அங்கே எதுவும் ஒற்றையாக வராது. ஒன்று இடது காலுக்கு, ஒன்று வலது காலுக்கு. ஒன்றைப் புரட்டிப் போட்டால் மற்றது. இரண்டாவது துணியை வளையத்தில் மாட்டியதும் சுண்டுவிரல் தானாகப் போய் அந்த முக்கோணங்களைத் தொட்டுவிட்டது.

ஓரத்தில் நாலு தையல் பிரித்துப் பார்த்தாள். வழுவழுப்பான துணி. தோலைப் போலவே ஊசி இறங்கிய இடமெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. கையூசியை எடுத்து, அதே ஓட்டைகளில் விட்டு, பிரித்ததை மூடினாள்.

மூன்றாவது துணி கிடையாது.

மூன்று மாதத்துக்கு முன்னால், பி.காமோடு ஒரு வருஷம் பியூட்டிஷியன் கோர்ஸும் முடித்த மகள் பார்லர் வைக்கப்போவதாகச் சொன்ன அன்று, “ஊரான் தலைய வாரவா உன்ன படிக்க வெச்சேன்?” என்று கேட்டிருந்தாள்.

“நீ மட்டும் இன்னா, ஊரான் காலுக்குத்தானே தைக்கிற? நான் தலைக்குப் போறேன். மேலதானே?”

ஜோதி அன்றைக்குத் தோழி வீட்டுக்குப் போனவள்தான். பிறகு இருவருக்கும் பேச்சில்லை. துணியில் பெயரைத் தானே போட்டுத் தருவதாக விஜயகுமாரிதான் கோபி மூலம் சொல்லி அனுப்பினாள். வேலூரில் அச்சடிக்கக் கொடுக்க இருந்ததை ஜோதி நிறுத்தி வைத்தாள். அவ்வளவுதான் இதுவரைக்கும் நடந்த சமாதானம்.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது விஜயகுமாரி பார்லருக்குள் நுழைந்து ஒரு துணியை நீட்டினாள். இன்னொன்று கைப்பையின் அடியில் கிடந்தது.

“இன்னொன்னு?”

“அது இன்னும் முடியல.”

ஜோதி துணியை விரித்து, பெயரை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். “பிரிண்ட்டுக்குக் குடுத்திருந்தா ரெண்டும் வந்திருக்கும்,” என்றாள் பிறகு, பொதுவாகச் சுவரைப் பார்த்து.

முதல் வாடிக்கையாளர் ரஃபத் ஜஹான் டீச்சர். ஜோதிக்கு எட்டாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். புர்காவைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். ஜோதி துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிச்சுப் போட்டாள்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். நெற்றி சுருங்கியது.

“இன்னாம்மா ஜோதி, பேரத் திருப்பிப் போட்டுக் குடுத்துட்டாங்களா?”

விஜயகுமாரியின் கை கைப்பைக்குள் போனது. துணி மாறிவிட்டதா? இல்லை. கெட்டுப்போனது அடியில்தான் இருந்தது.

கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். டீச்சரின் மார்பின்மேல் எழுத்துகள் ஒழுங்காக, இடமிருந்து வலமாக இருந்தன. டீச்சர் அங்கே பார்க்கவில்லை. எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். விஜயகுமாரியும் தலையைத் தூக்கி அங்கே பார்த்தாள்.

சுவர் அகலத்துக்குக் கண்ணாடி. அதில் அத்தனை எழுத்தும் புரண்டு கிடந்தது.

ஒரு வருஷம் இந்தத் தொழில் படித்தவளுக்கும் தோன்றவில்லை. இருபத்திரண்டு வருஷம் தைத்தவளுக்கும் தோன்றவில்லை.

விஜயகுமாரி கைப்பையை நாற்காலியின் கைமேல் வைத்தாள். டீச்சரின் பின்கழுத்தில் இருந்த முடிச்சைத் தானே அவிழ்த்தாள். முடியை ஒதுக்கிவிட்டு, பையின் அடியில் கிடந்த துணியை எடுத்துப் போர்த்திக் கட்டினாள்.

“ஜோதி பார்லர்,” என்று டீச்சர் கண்ணாடியைப் பார்த்து வாசித்தார்.

ஜோதி கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

“முடியலன்னு சொன்னியே?”

விஜயகுமாரி அவிழ்த்த துணியை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள்.

“இதுதான் முடியல,” என்றாள். “எடுத்துட்டுப் போய் சரி பண்ணித் தர்றேன்.”