இருபது கோடு

"இன்னும் ஒரே ஒரு தடவ கூப்பிட்டுப் பாக்கேன்க்கா" என்றாள் பிரித்திகா.

இசக்கிச்செல்வி தலையை மட்டும் ஆட்டினாள். அவளுடைய பத்து மாதப் பிள்ளை பாயில் உட்கார்ந்து சில்வர் டம்ளரைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தான்.

பிரித்திகா அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். "செண்பகராஜ்" என்று நிதானமாகக் கூப்பிட்டுவிட்டு, மனதுக்குள் பத்து வரை எண்ணினாள்.

டம்ளர் சத்தம் நிற்கவில்லை. இசக்கிச்செல்வியின் கண் ஏனோ ஒரு முறை பின்வாசல் பக்கம் போய்வந்தது.

பிள்ளை பிறந்த இரண்டாம் மாதமே ரத்தப் பரிசோதனையில் டவுன் சிண்ட்ரோம் என்று சொல்லிவிட்டார்கள். கூடுதலாக வந்த ஒரு குரோமோசோமை யாரும் எடுத்துவிட முடியாது. ஆனால் சின்னதிலேயே பழக்கினால் பிள்ளை நிறையக் கற்றுக்கொள்வான். அதற்காகத்தான் பயிற்சி மையத்திலிருந்து பிரித்திகா நான்கு மாதமாகச் செவ்வாய்க்கிழமைதோறும் கோவில்பட்டியில் பஸ் ஏறி, புதூர் தாண்டி இந்த ஊருக்கு வருகிறாள். இன்று மழை வேறு. கரிசல் மண் அப்பிய செருப்பு, வாசலில் காலுக்கு ஒரு கிலோ கனத்தில் கிடந்தது.

சொல்லிக்கொடுத்த எதையும் இசக்கிச்செல்வி விட்டதில்லை. குப்புறப் போட்டுத் தலை தூக்க வைத்தாள். முகத்துக்கு நேரே முகம் வைத்துப் பேசினாள். அவன் 'ங்கா' என்றால் அவளும் 'ங்கா' என்றாள். போன வாரத்திலிருந்து பிள்ளை பிடிமானம் இல்லாமல் உட்காருகிறான்.

படிவத்தில் ஒரே ஒரு வரிசைதான் இடித்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? இரண்டு வாரமாகப் பூஜ்யம். இன்றைக்கும் பூஜ்யம் என்றால் ஃபைலைத் திருநெல்வேலிக்கு, பெரிய டாக்டருக்கு அனுப்ப வேண்டும்.

"காது நல்லாத்தானக்கா கேக்கு?"

"ஆட்டு மணிக்குத் திரும்புதான். திருப்பூருல இருந்து இவங்கப்பா போன் வந்தா, எனக்கு முந்தி இவந்தான் திரும்புதான்."

காதுப் பரிசோதனை அறிக்கையும் அதைத்தான் சொல்லியிருந்தது. பிரித்திகா பென்சிலைக் கையில் எடுத்தாள்.

"திருநெல்வேலிக்குப் போனா, இதோட சேத்து இன்னொரு நோயும் இருக்குன்னு சொல்லிருவாங்களா டீச்சர்?"

பிரித்திகாவுக்குப் பொய் சொல்ல வராது. சில பிள்ளைகளுக்கு ஆட்டிசமும் சேர்ந்து இருக்கும், இவனுக்கு இருக்கிறது என்று சொல்லவில்லை, பார்த்துவிடுவது நல்லது என்றாள். இசக்கிச்செல்வி பிள்ளையின் பாதத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

பிரித்திகா வீட்டுப்பயிற்சி நோட்டைப் புரட்டினாள். தினமும் இருபது முறை பிள்ளையைக் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு. திரும்பினால் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம். எல்லாப் பக்கத்திலும் இருபது கோடுகள் இருந்தன. பதினைந்து வட்டம், பதினாறு வட்டம். நேற்று பதினெட்டு.

அவள் தலை நிமிரவில்லை. மையத்துக்கு வரும் அம்மாக்களில் சிலர், பிள்ளை திரும்பாவிட்டாலும் இப்படி வட்டம் போடுவார்கள். அதைக் கேட்கவும் முடியாது, திருத்தவும் மனம் வராது. தன் பிள்ளை என்றால் தானும் போட்டிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

"நெசமாவே திரும்புதானாக்கா?"

"சாமி சத்தியமாத் திரும்புதான் டீச்சர். எங்க மாமாகிட்ட வேணும்னாக் கேளுங்க. நீங்க வார நேரம் ஆட்டப் பத்திக்கிட்டுப் போயிருவாவ. இன்னைக்கு மழைன்னுட்டு பொறத்தால தொழுவுலதான் நிக்காவ."

மாமனாரும் மருமகள் சொன்னதையேதான் சொல்லப்போகிறார் என்று பிரித்திகாவுக்குத் தோன்றியது.

"பிறகு ஏன்க்கா நான் கூப்பிட்டா மட்டும் திரும்ப மாட்டேங்கான்?"

இசக்கிச்செல்வி அந்த நிலையிலும் லேசாகச் சிரித்தாள். "ஒங்க கொரலு எறும்புக்குத்தான் டீச்சர் கேக்கும்."

மையத்திலும் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். பிரித்திகாவுக்கு முகம் சிவந்தது. பென்சிலைக் கீழே வைத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை இழுத்தாள்.

"ஐயோ டீச்சர், சத்தமா வேண்டாம்..." என்று இசக்கிச்செல்வி கையை நீட்டுவதற்குள், பிரித்திகா வாழ்நாளில் முதல்முறையாக வீடு அதிரக் கத்திவிட்டாள்.

"செண்பகராஜ்!"

பிள்ளை டம்ளரைத் தட்டிக்கொண்டேயிருந்தான். பின்வாசல் கதவு திறந்தது. தலையில் சாக்கைக் கவிழ்த்தபடி, கையில் ஆட்டுக்கு ஒடித்த இலைக் குழையோடு, நனைந்துபோன ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"என்னையவா தாயி கூப்பிட்ட?"

இசக்கிச்செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிரித்திகா இல்லையென்று தலையாட்ட, அவர் தொழுவுக்குத் திரும்பிப் போன பிறகு அவள் சொன்னாள்.

"மாமா பேரத்தான் டீச்சர் இவனுக்கு வச்சிருக்கு. அத நான் எப்படி வாயால சொல்ல? அவிய மகனும் சொல்ல மாட்டாவ. இந்த வீட்டுல அந்தப் பேர யாரு சொல்லுவா?"

பிரித்திகா நோட்டில் இருந்த வட்டங்களை ஒருமுறை பார்த்தாள். "அப்ப நீங்க எப்படிக் கூப்பிடுவீங்களோ, அப்படியே கூப்பிடுங்கக்கா."

இசக்கிச்செல்வி பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, எறும்புக்கு மட்டும் கேட்கிற குரலில், "துரை" என்றாள்.

டம்ளர் நின்றது, பல் முளைக்காத வாய் நிறையச் சிரிப்போடு பிள்ளை முழு உடம்போடு திரும்பினான்.