பின்சீட்டுக்குப் பலகாரம்

சாயந்தரம் ஐந்தரை மணிக்கு ஏற்காடு ஏரி ரோட்டில் இருந்தவர்கள்: பஜ்ஜிக் கடை காளியாயி. பக்கத்து சாக்லேட் கடை கிங்ஸ்டன். ஒரு சோள வண்டிக்காரன். இரண்டு டூரிஸ்ட் வேன் நிறைய ஜனம். வெள்ளைக் காரில் வந்த ஓர் ஆள். அந்த ஆள் தன்னோடு வருவதாகச் சொன்ன ஒரு சிறுமி. அவளை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

"மொளகா பஜ்ஜி வேண்டாங்க்கா, பாப்பாவுக்குக் காரம் ஆகாது" என்றான் அந்த ஆள். "வாழக்கா நாலு, பிரெட் ரெண்டு போடுங்க."

நாற்பது வயதிருக்கும். சேலத்துப் பேச்சு. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான்.

"எத்தன வயசுங்க பாப்பாவுக்கு?" என்றாள் காளியாயி.

"ஒம்பது."

"கூட்டியாறதுதானுங்க. சூடா நின்னு திங்கட்டும்."

"கூட்டம்னா வர மாட்டாளுங்க. கார்லயே குடுத்துக்கறேன்."

காளியாயி பொட்டலம் கட்டினாள். மலை இறங்குகிறவர்களுக்குக் கட்டும்போது உள்ளே ஒரு கரித்துண்டு வைப்பது அவள் வழக்கம். அந்தி நேரத்தில் எண்ணெய்ப் பலகார வாசத்துக்குக் காற்று கருப்பு எதுவும் கூடவே வண்டியேறிவிடக் கூடாது. டூரிஸ்ட்டுகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிலர் போட்டோ எடுப்பார்கள்.

இவன் சிரிக்கவில்லை. கரியை எடுத்து வெளியே வைத்தான்.

"இது வேண்டாங்க."

"இருக்கட்டுமுங்க. இருட்டுக்கட்டுது. இருவது வளைவு எறங்கோணும்."

"வேண்டாம்னா வேண்டாங்க."

அவன் சாக்லேட் கடைப் பக்கம் திரும்பிய நேரத்தில், காளியாயி கரியை மறுபடி எடுத்து பஜ்ஜிக்கு அடியில் செருகினாள். படித்த திமிர் என்று நினைத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளைக்காவது காவலாக இருக்கட்டும்.

கிங்ஸ்டன் கடையில் அவன் மூன்று டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தான். முந்திரி போட்டதைத் திருப்பி வைத்தான்.

"வாசம் பத்தாது. இன்னும் தூக்கலா ஏதாச்சும் இருக்கா?"

"திங்கறதுக்கா, மோந்து பாக்கறதுக்காங்க?" என்றான் கிங்ஸ்டன்.

அவன் காபி கலந்த சாக்லேட்டை வாங்கிக்கொண்டான். சோள வண்டியில் சுட்ட சோளம் ஒன்று வாங்கினான். கருகலாகப் பார்த்துக் கேட்டு வாங்கினான். பஜ்ஜிப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு காரைப் பார்த்து நடந்தான்.

கிங்ஸ்டன் எட்டிப் பார்த்தான். "ஏனுங்க்கா, இந்தாளு போன வருசமும் வந்தான். மலர்க் காட்சி முடிஞ்ச மறுநாளு. அப்பவும் பாப்பாவுக்கு ஒம்பது வயசுன்னுதான் சொன்னான்."

"ஒரு வருசத்துல வயசு ஏறாதா?"

"அதத்தான் சொல்றேன். அது வேற புள்ளையா இருக்கும்."

காளியாயி காரைப் பார்த்தாள். கார் ஏரிக் கம்பிவேலியோரம் நின்றது. பின்சீட்டில் தலை எதுவும் தெரியவில்லை. பிள்ளையைக் கீழே படுக்கவைத்துத் துணி போட்டு மூடியிருந்தால்? ஏரியிலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நிமிடத்தில் கார் நம்பர்கூடத் தெரியாது.

அடுப்பை அணைத்தாள். "போலீசுக்குப் போனப் போடு" என்று கிங்ஸ்டனிடம் சொல்லிவிட்டு, கையிலிருந்த ஜல்லிக்கரண்டியோடு நடந்தாள்.

காரின் பின்கதவு அகலத் திறந்திருந்தது. அவன் கதவைப் பிடித்தபடி வெளியே நின்றான். சீட்டில் நியூஸ்பேப்பர் விரித்து, வாங்கியதையெல்லாம் பிரித்து வைத்திருந்தான். சீட்டில் யாரும் இல்லை. குனிந்து கீழே பார்த்தாள். அங்கும் இல்லை.

"டிக்கியத் தொறங்க."

திறந்தான். ஸ்டெப்னி மட்டும் கிடந்தது.

"புள்ள எங்கீங்க?"

"இன்னும் ஏறலீங்க."

"ஏறலன்னா, எங்க உட்டீங்க?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. வேலிப் பக்கம் பார்த்தான். "எல்லாம் அவளுக்குப் புடிச்சதுதான். கிட்ட வந்துட்டு ஏன் நிக்கறாளோ தெரியல."

காளியாயி திரும்பினாள். வேலி இருந்தது. பனி இருந்தது. நூறடி தூரத்தில் அத்தனை கூட்டம். சத்தம் மட்டும் வெகு தூரத்திலிருந்து வருவதுபோல் கேட்டது.

அவன் சீட்டில் இருந்ததை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். சாக்லேட். சோளம். வாழைக்காய் பஜ்ஜிக்கு அடியில் கை நின்றது. கரித்துண்டை எடுத்து, கொஞ்ச நேரம் விரல்களுக்கு நடுவே வைத்திருந்தான். கோபப்படவில்லை. அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"போன வருசமும் பொட்டலத்துல இது இருந்துருக்கும், அதான் அவ ஏறல. அப்ப எனக்குத் தெரியலீங்க."

அவள் விரல்கள் தாமாக மூடிக்கொண்டன. கால்கள் பின்னால் நகர்ந்தன.

யாரோ ஏற இடம் விடுவதுபோல் அவன் கதவைவிட்டு ஒதுங்கி நின்றான். காற்று இல்லை. பின்சீட்டில் தாள் சரசரத்தது. கார் அந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது. அதிகமில்லை, ஒன்பது வயதுக்குத் தாழ்கிற அளவுதான்.

அவன் கதவைச் சாத்தினான். சாவியை அழுத்திப் பூட்டினான். கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். பிறகு கண்ணாடிப் பக்கம் குனிந்தான்.

"அன்னைக்கு மாதிரி இனி வளைவுல கதவு தொறந்துக்காது, சாமி. அப்பா பூட்டிட்டேன்."