நெற்றிக்காசு

சின்னனின் நெற்றியில் சந்தனம் குழைத்து ஒட்டியிருந்த ஐந்து சென்ட் காசைப் பார்த்ததும் துரைசாமிக்கு அழுகை நின்றுவிட்டது.

வருஷம் போட்ட பக்கம் மேலே இருந்தது. அந்த வருஷத்துச் செப்புக்காசைத்தான் கியூர்பிப் ஊரில் பழைய காசு சேர்க்கும் மொஸ்யே கீ வெகுகாலமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

பழைய காசு வாங்கி விற்பவன் துரைசாமி. வயசானதாலேயே காசுக்கு விலை ஏறாது என்று அவனுக்குத் தெரியும். மறுபக்கத்து ராணியின் முகம் தேய்ந்திருந்தால் ஒரு ரொட்டி கிடைக்கும். கூந்தல் இழை இழையாகத் தெரிந்தால் ஒரு கறவை மாடே கிடைக்கும்.

ராணியின் முகமோ சின்னனின் நெற்றிப் பக்கம் இருந்தது.

வாய்க்கரிசி போட அவன் முறை வந்தது. மேலே விழுந்து அழுதான்.

அப்படி அழுவதைச் சின்னனிடம்தான் பார்த்திருந்தான். துறைமுக வேலைநிறுத்த வருஷத்தில் அப்பா செத்தபோது, பெற்ற பிள்ளைகளைவிட அதிகமாகக் குனிந்து, முகத்தோடு முகம் வைத்து அழுதவன் பெரியப்பா மகன் சின்னன். டிராங்கெபார் பேட்டையே அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

துரைசாமி நிமிர்ந்தபோது சின்னனின் நெற்றியில் வேறு காசு இருந்தது. பஸ்ஸுக்கு வைத்திருந்த ஐந்து சென்ட். செத்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கால்சட்டைப் பைக்குள் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

இழை இழையாகக் கூந்தல்.

பெட்டியை மூடி ஆணி அடித்தார்கள். துரைசாமியின் மனம் அதற்குள் கியூர்பிப் போய்ச் சேர்ந்துவிட்டது. என்ன விலை சொல்லலாம்? மொஸ்யே கீயும் அப்பாவைப் போலப் பேரம் பேசினால் கஷ்டம்தான்.

அப்பா சந்தையில் குரலே உயர்த்தமாட்டார். விற்பவனின் காதருகே குனிந்து, "கொமியே?" என்று விலை கேட்பார். பதிலைக் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். பிறகு அதே குரலில் மறுபடி கேட்பார். அந்த இரண்டாவது கேள்வியை எந்த வியாபாரியும் தாங்கியதில்லை.

பெட்டி தெருவில் இறங்கியது. ஆண்கள் எல்லாரும் பின்னால் போனார்கள். துரைசாமி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சின்னனின் மனைவி அலமேலு பக்கத்தில் வந்து நின்றாள். அழுது முடித்த முகம். கனமான எதையோ இறக்கி வைத்தவளைப் போல இருந்தாள்.

"ஐயோ தம்பி, இனிமே சொல்லலாம்... இவர் நெத்தியில இருந்த காசு, அன்னிக்கு உங்க அப்பா நெத்தியில வெச்சது. இவர்தான் அழுற சாக்குல எடுத்திட்டார். விக்கப் போனா விலை சொல்ல வாய் வராதாம். ராத்திரியெல்லாம் எழுந்து உக்காந்து, 'சித்தப்பா கேக்கிறார், கேக்கிறார்'னு சொல்வார். நான் போறப்ப கொண்டுபோய் அவர் கையிலயே குடுத்திடறேன், என் நெத்தியில வைன்னு சொல்லிட்டுப் போனார். போய்ச் சேந்திடும், இல்ல?"

துரைசாமி தலையை ஆட்டினான்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெட்டி தெருக்கோடியில் திரும்பிக்கொண்டிருந்தது. ஓடினால் பிடித்துவிடலாம். பிடித்து, எல்லார் முன்னாலும் ஆணியைப் பிடுங்கச் சொல்லி, என்னவென்று சொல்வது?

பைக்குள் கையை விட்டான். சந்தனம் இன்னும் காயவில்லை. உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

தெருவில் யாரும் இல்லை. பெட்டியும் மறைந்துவிட்டது.

"கொமியே?"

காதருகே, குனிந்து கேட்ட மாதிரி.

துரைசாமி திரும்பிப் பார்க்கவில்லை. காற்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். அப்படியே கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.

பிறகு, அதே குரலில், மறுபடி கேட்டது.